ஏஐ-யிடம் எப்படிக் கேட்பது? – குழு உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்



சேமிப்பு, உள்கடன், கணக்கு நோட்டு, வங்கிக் கடன், தொழில் பயிற்சி என்று ஒவ்வொன்றாகப் படித்து வந்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் புதுசு. புதுசு என்றதும் பயப்பட வேண்டாம். வங்கியில் சலான் எழுதக்கூட ஒரு காலத்தில் பயந்தவர்கள்தான் நாம்.

முதலில் ஒரு குழுக் கூட்டத்தில் நடக்கும் பேச்சைக் கேட்போம்.

உறுப்பினர்: அக்கா, போன்ல ஏஐ-ன்னு ஒண்ணு இருக்காமே. கேட்டா எல்லாம் எழுதித் தருதாம். நம்ம தண்ணிப் பிரச்சனைக்கு ஒரு மனு எழுதித் தருமா?

ஊக்குநர்: தரும். ஆனா நீ கேக்குற மாதிரி கேட்டாத்தான் உருப்படியாத் தரும்.

உறுப்பினர்: என் பொண்ணு நேத்து கேட்டுப் பாத்தா. என்னென்னவோ பெரிய பெரிய வார்த்தையா வந்துச்சு. பாதி எங்களுக்கே புரியலை. நாங்க சொல்லாததெல்லாம் அதுல இருந்துச்சு.

ஊக்குநர்: அவ என்னன்னு கேட்டா?

உறுப்பினர்: "தண்ணீர் பிரச்சனைக்கு மனு எழுது"ன்னு கேட்டா.

ஊக்குநர்: அங்கதான் கோளாறு!

என்ன கோளாறு? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஏஐ என்பது என்ன?

ஏஐ என்றால் செயற்கை நுண்ணறிவு. அதில் ஒரு வகை, நாம் எழுதியோ பேசியோ கேட்டால் எழுத்தாகப் பதில் தரும். சாட்ஜிபிடி என்பது 2022 நவம்பரில் பொதுமக்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு கூகுள் நிறுவனத்தின் ஜெமினி, வாட்ஸ்அப்பில் இருக்கும் மெட்டா ஏஐ என்று பல வந்துவிட்டன. தமிழிலும் கேட்கலாம்.

இவை எப்படி வேலை செய்கின்றன? ஏராளமான புத்தகங்கள், செய்திகள், இணையப் பக்கங்கள் ஆகியவற்றில் உள்ள எழுத்தைக் கொடுத்து இந்த இயந்திரத்தைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும், ஒரு கேள்விக்கு எப்படிப்பட்ட பதில் பொருந்தும் என்று அது கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் எழுத்து சரளமாக இருக்கும். ஆனால் சரளமாக இருப்பதெல்லாம் உண்மை என்று சொல்ல முடியாது.

அதோடு, நம் ஊர் அதற்குத் தெரியாது. நம் குழுவின் தீர்மான நோட்டை அது பார்த்ததில்லை. நம் தெருவில் எத்தனை வீடு, எத்தனை குழாய் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நாம் சொன்னால்தான் தெரியும்.

எண்ணெய் வாங்கப் போன பிள்ளை

சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். "போய் எண்ணெய் வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, விளக்கெண்ணெயா? கால் லிட்டரா, ஒரு லிட்டரா? பிள்ளைக்குத் தெரியாது. வெறுங்கையோடு வந்தால் திட்டு விழும் என்று ஏதோ ஒரு எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்.

இந்த இயந்திரமும் அப்படித்தான். பெரும்பாலும் வெறுங்கையோடு வராது. நாம் சொல்லாத இடத்தையெல்லாம் தானாக நிரப்பிக்கொண்டு வந்து நிற்கும்.

விவரம் தெரிந்த தாய் எப்படிச் சொல்லி அனுப்புவாள்? "சாயங்காலம் பலகாரம் சுடணும். அரை லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிட்டு வா. இந்தப் பாத்திரத்துல ஊத்தித் தரச் சொல்லு. கடலை எண்ணெய் இல்லைன்னா வேற எதையும் வாங்காத, திரும்பி வந்துடு." இப்படிச் சொன்னால் பிள்ளை தவறு செய்ய வழி குறைவு.

ஏஐ-யிடம் நாம் கேட்கும் வாசகத்துக்குப் பிராம்ப்ட் என்று பெயர். நல்ல பிராம்ப்ட் என்பது இந்தத் தாய் சொல்லி அனுப்பியதைப் போன்றதுதான்.

ஐந்து விரல் ஞாபகம்

கையை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விஷயம்.

1. யார், யாருக்கு? – கேட்பவர் யார், படிக்கப் போகிறவர் யார். அதிகாரிக்கு எழுதுவது வேறு, உறுப்பினர்களுக்கு எழுதுவது வேறு.

2. என்ன வேலை? – மனுவா, கணக்கா, பொருளுக்கு விலை போடுவதா, நோட்டீஸா. ஒரு நேரத்தில் ஒரு வேலை.

3. விவரம் – ஆள் எண்ணிக்கை, தேதி, தொகை, இதுவரை என்ன செய்தோம். உண்மையான விவரம் மட்டும்.

4. அளவும் வடிவமும் – ஒரு பக்கமா, பத்து வரியா, பட்டியலா. எளிய தமிழில் வேண்டுமா.

5. எல்லை – எதைச் செய்யக் கூடாது. "நான் சொல்லாததைச் சேர்க்காதே. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்." இது கட்டை விரல். இந்த விரல் இல்லாமல் எதையும் பிடிக்க முடியாது.

முதல் உதாரணம்: தண்ணீர் மனு

அந்தப் பெண் கேட்டது: "தண்ணீர் பிரச்சனைக்கு மனு எழுது."

இதில் ஒரே ஒரு விரல்தான் இருக்கிறது. அதனால், "கடந்த பல மாதங்களாக மக்கள் குடிநீரின்றித் தவித்து நோய்வாய்ப்பட்டுள்ளனர்" என்று அது தானாக எழுதிவிடலாம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மையில் மோட்டார் கெட்டுப் பதினெட்டு நாள்தான் ஆகிறது, நோய் யாருக்கும் வரவில்லை என்றால்? அதிகாரி விசாரிக்க வருவார். "மாசக் கணக்கா தண்ணி வரலைன்னு எழுதியிருக்கீங்களே, எங்கம்மா?" என்று கேட்பார். பதினெட்டு நாள் பட்ட உண்மையான கஷ்டமும் பொய்யாகிப் போகும். அடுத்த மனுவுக்கும் மதிப்பு இருக்காது.

அதையே இப்படிக் கேட்கலாம்:

"நான் கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு எழுத வேண்டும். எங்கள் தெருவில் 42 வீடுகள். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கெட்டு 18 நாள் ஆகிறது. ஒன்றரை கிலோமீட்டர் நடந்து தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். ஊராட்சிச் செயலரிடம் இரண்டு முறை நேரில் சொன்னோம். நாங்கள் கேட்பது இரண்டு: ஒன்று, மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டும். இரண்டு, அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரியில் தண்ணீர் தர வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி எல்லாம் வைத்து ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுது. நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. பெயர், ஊர், தேதி வரும் இடத்தில் கோடு மட்டும் போடு."

ஐந்து விரலும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கேட்பது இரண்டு என்று எண் போட்டுச் சொன்னதால் மனுவிலும் அவை தனித்தனியாக வரும். படிக்கிற அதிகாரிக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

முதல் பதிலோடு விட்டுவிடாதீர்கள்

புடவைக் கடையில் முதலில் எடுத்துப் போட்ட புடவையையா வாங்கிக்கொண்டு வருகிறோம்? இங்கேயும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் "நல்லா இல்லை, வேற எழுது" என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. எந்த இடம், என்ன குறை என்று சொல்ல வேண்டும்.

"மூன்றாவது பத்தியில் பலர் நோய்வாய்ப்பட்டதாக இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை எடுத்துவிடு."

"'சமர்ப்பிக்கப்படுகின்றது' மாதிரி வார்த்தை வேண்டாம். எங்கள் உறுப்பினர்கள் படித்தால் புரிய வேண்டும்."

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. குழுவிடம் ஏற்கெனவே நல்ல மனு ஒன்று இருந்தால், ஆள் பெயரை எடுத்துவிட்டு அதைக் கொடுத்து, "இதே மாதிரி எழுது" என்று கேட்கலாம். மாதிரி கொடுத்தால் வேலை சுலபம். என்ன விவரம் கொடுப்பது என்றே தெரியாவிட்டால், "எழுதுவதற்கு முன் உனக்கு வேண்டிய விவரத்தை ஒவ்வொரு கேள்வியாக என்னிடம் கேள்" என்று சொல்லுங்கள். அது கேட்கும், நாம் பதில் சொல்லிக்கொண்டே போகலாம்.

மனு வேலை முடிந்து கணக்குக் கேட்கப் போகிறீர்கள் என்றால் புதிய உரையாடல் திறந்து கேளுங்கள். ஒரே பாத்திரத்தில் ரசமும் பாயசமும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது உதாரணம்: வட்டிக் கணக்கு

நம் கைக்காசு சம்பந்தப்பட்ட விஷயம் இது. கவனமாகப் படியுங்கள்.

ஒரு உறுப்பினர் குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறார். மாதம் 1,000 ரூபாய் அசல், 12 தவணை. வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மொத்தம் எவ்வளவு வட்டி?

இப்படி மட்டும் கேட்டால் இரண்டு விதமான பதில் வரலாம்.

ஒரு விதம்: 12,000-க்கு மாத வட்டி 120 ரூபாய். 12 மாதத்துக்கு 1,440 ரூபாய்.

இன்னொரு விதம்: மாதா மாதம் அசல் குறைகிறது, அதனால் வட்டியும் குறைய வேண்டும். முதல் மாதம் 120, இரண்டாவது மாதம் 110, அடுத்தது 100 என்று குறைந்து கடைசி மாதம் 10 ரூபாய். கூட்டினால் 780 ரூபாய்.

இரண்டுக்கும் வித்தியாசம் 660 ரூபாய்! கணக்குப் போட்டதில் இரண்டிலும் தப்பு இல்லை. நாம் கேட்டதில்தான் ஒரு சொல் குறைந்துவிட்டது. "நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் வட்டி" என்று சொல்லியிருந்தால் 780 என்று வரும்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: "கடன் 12,000 ரூபாய். மாதம் 1,000 வீதம் 12 தவணை அசல். வட்டி மாதம் நூற்றுக்கு 1 ரூபாய், நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும். ஒவ்வொரு மாதமும் நிலுவை, வட்டி, மொத்தம் கட்ட வேண்டியது என்று பட்டியலாகப் போடு. கடைசியில் மொத்த வட்டியைச் சொல்."

பட்டியலாகக் கேட்பதில் ஒரு லாபம் இருக்கிறது. எந்த மாதத்தில் தப்பு என்று நம் கண்ணால் பார்க்கலாம். மொத்தத் தொகை மட்டும் வந்தால் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த இயந்திரம் சில நேரம் கூட்டல் கணக்கில்கூடத் தவறும். அதனால் முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் கையால் போட்டுப் பாருங்கள். மொத்தத்தைக் கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். கணக்கு நோட்டில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது உதாரணம்: பொருளுக்கு விலை

ஒரு குழு இட்லிப் பொடி தயாரிக்கிறது. 10 கிலோ பொடி, 200 கிராம் பாக்கெட்டாக 50 பாக்கெட். பருப்பு, மிளகாய், எள் முதலிய சாமான் 2,100 ரூபாய். மில்லில் அரைக்க 200. பை, லேபிள் 300. வண்டிச் செலவு 100. ஆக 2,700 ரூபாய்.

இதை மட்டும் கொடுத்து "ஒரு பாக்கெட் அடக்க விலை என்ன?" என்று கேட்டால் 54 ரூபாய் என்று சொல்லும். "அப்படின்னா 65 ரூபாய்க்குக் கடைக்குப் போடலாம், 11 ரூபாய் லாபம்" என்று சந்தோஷப்படுவோம்.

எதை விட்டுவிட்டோம்? நம் உழைப்பை! இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க வறுத்து, ஆற்றி, சலித்து, பாக்கெட் போட்டோமே. ஆளுக்கு 400 என்றாலும் 800 ரூபாய். மொத்தம் 3,500. ஒரு பாக்கெட் அடக்கம் 70 ரூபாய். 65-க்குப் போட்டால் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் நஷ்டம். 50 பாக்கெட்டுக்கு 250 ரூபாய் நம் கூலியிலிருந்தே போகிறது.

வீட்டு வேலைக்குத்தான் கூலி இல்லை என்று பழகிவிட்டோம். தொழிலிலும் நம் கூலியை நாமே மறந்தால் இயந்திரம் எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் விலை கேட்கும்போது, "எங்கள் கூலியையும் சேர். நான் ஏதாவது செலவை விட்டிருந்தால் என்னவென்று கேள்" என்று எழுதுங்கள்.

அளவு சொல்லும்போதும் கவனம். படி, மரக்கால், வள்ளம், சிப்பம், கட்டு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கிலோ, கிராம், லிட்டர் என்று சொல்லுங்கள்.

ஆமாம் சாமி போடும்!

"கடன் வாங்கி நாலு ஆடு வாங்கலாம்னு இருக்கேன், நல்ல யோசனைதானே?" என்று கேட்டால், "அருமையான யோசனை" என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். நாம் எதைக் கேட்க ஆசைப்படுகிறோமோ அதையே திருப்பிச் சொல்லும் குணம் இதற்கு உண்டு. கடன் கட்டப் போவது அது அல்ல, நாம்தான்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "நாலு ஆடு வாங்கி வளர்த்தால் நஷ்டம் வர என்னென்ன காரணம் இருக்கலாம்? ஐந்து சொல். ஒவ்வொன்றுக்கும் நான் முன்கூட்டியே என்ன விசாரிக்க வேண்டும்?" நோய், தீவனம், மேய்ச்சல் இடம், விற்கிற நேரத்து விலை என்று பட்டியல் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நம் ஊரில் ஆடு வளர்க்கும் ஒருவரிடம் போய்க் கேளுங்கள். அப்போதுதான் கடனைப் பற்றி முடிவெடுக்கலாம்.

எழுதத் தெரியாதவர்கள்?

பேசினால் போதும். போன் எழுத்துப் பலகையில் மைக் படம் இருக்கும். அதை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக வரும். பேசிய பிறகு யாரையாவது படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். முக்கியமாக எண்கள். "எண்பது" என்று நாம் சொன்னது "என்பது" என்று விழுந்துவிடும். எண்களை மட்டும் விரலால் தட்டிவிடுவது நல்லது.

எதைக் கொடுக்கக் கூடாது?

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் ரகசிய எண், ஓடிபி ஆகியவற்றை எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள். பாஸ்புக் படத்தையும் ஏற்ற வேண்டாம். உறுப்பினர் பெயரைப் போட்டு அவர் கடன், நோய், குடும்பச் சண்டை பற்றி எழுத வேண்டாம். குழு விஷயம் குழுவுக்குள் என்பது நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. "ஒரு உறுப்பினர்" என்று எழுதினாலே போதும், வேலை நடக்கும். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எதை நம்பிச் செய்யக் கூடாது?

மருந்தின் அளவு, அரசுத் திட்டத்தின் மானியம், கடைசித் தேதி, சட்டம் – இவற்றில் இயந்திரம் பழைய விஷயத்தையோ இல்லாத விஷயத்தையோ அடித்துச் சொல்லும். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் கால்நடை மருத்துவருக்கான 1962. பயிர் சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551. பெண்களுக்கு ஆபத்து, கொடுமை என்றால் 181. கடன், வட்டிச் சலுகை என்றால் வங்கிக் கிளையிலோ கூட்டமைப்பு அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். மனிதர் பதில் சொன்னால் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். நாளைக்கு, "நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்கலாம். இயந்திரத்திடம் அப்படிக் கேட்க முடியாது.

வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து இல்லை

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம்.

நம்மில் பலர் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். கைநாட்டு வைத்த காலத்தில் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே விரலை நீட்டினோம். நிலம் போனவர்கள் உண்டு, வாங்காத கடனைக் கட்டியவர்கள் உண்டு.

இப்போது இயந்திரம் இரண்டே நிமிடத்தில் மனுவும் தீர்மானமும் எழுதித் தருகிறது. அதைப் போன் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் படித்து, மற்ற பதினொரு பேரும் அப்படியே கையெழுத்துப் போட்டால் அது பழைய கைநாட்டுதான். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். புரியாத வார்த்தை வந்தால் நிறுத்துங்கள். உண்மை இல்லாத வரி வந்தால் அடியுங்கள். எல்லோரும் சம்மதித்த பிறகு தீர்மான நோட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போடுங்கள். இயந்திரம் எழுதினாலும் அது நம் மனு. பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

1. "எங்கள் தெருவிளக்குக்கு மனு எழுது." இந்த வாசகத்தில் எந்த விரல்கள் இல்லை? எல்லோரும் சேர்ந்து ஐந்து விரலும் வருமாறு மாற்றிச் சொல்லுங்கள்.

2. கடன் 6,000 ரூபாய். மாதம் 1,000 வீதம் 6 தவணை. வட்டி மாதம் நூற்றுக்கு 1 ரூபாய். நிலுவைக்கு மட்டும் வட்டி என்றால் எவ்வளவு? முழு அசலுக்கும் வட்டி என்றால் எவ்வளவு? முதலில் கையால் போடுங்கள், பிறகு ஏஐ-யிடம் கேளுங்கள். (விடை: 210 ரூபாய், 360 ரூபாய்.)

3. உங்கள் குழு செய்யும் ஒரு பொருளின் அடக்க விலையைக் கூலியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இப்போது விற்கும் விலையில் உண்மையில் லாபம் இருக்கிறதா?

4. ஏஐ எழுதிய ஒரு மனுவைச் சத்தமாக வாசியுங்கள். நீங்கள் சொல்லாத வரி எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்.